சத்தம் செத்த இடம்

மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரியும் சங்கராபுரத்துக் கடைவீதியில், ஓர் அரிசி மண்டிக்கும் ஒரு தையற்கடைக்கும் இடையே, 10 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்து இரண்டு வருஷங்கள் ஆகியிருந்த 1995-இல், கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு உத்தியோகத்துக்கு மனுப் போட்டபடி காத்திருந்த நான், ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு மழை மாதங்களையும் பெரும்பாலும் அந்தக் கடையின் மர ஸ்டூலின் மேல் உட்கார்ந்தே கழித்தேன். என் கிதாருக்கு, அதன் ஒலியைத் தடித்துக் கரகரக்கச் செய்யும் ஓர் ஓவர்டிரைவ் பெடலை என் கையாலேயே செய்துவிட வேண்டும் என்பது அப்போது என் உள்ளத்தை முழுவதும் பிடித்திருந்த ஆசை. அதைச் செய்து முடிக்க எனக்கு மூன்று நாட்கள் போதுமாயிருந்தன. அதைச் சரிவரப் பேசவைக்க ஐந்து வாரங்கள் ஆயின.

கடைக்காரரை ஊரார் மெக்கானிக் என்றே குறிப்பிடுவார்கள். நான் அண்ணன் என்று அழைத்தேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். வால்வு ரேடியோவின் கடைசிக் காலத்தில் தொழிலுக்கு வந்து, டிரான்சிஸ்டர் ரேடியோ, டேப் ரிக்கார்டர், கறுப்பு வெள்ளை டிவி, திருவிழாவுக்கு வாடகைக்குப் போகும் ஆம்ப்ளிஃபயர் என்று ஒவ்வொரு யுகமாகக் கடந்து வந்திருந்தார். சந்தை நாளில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் கொண்டு இறங்கிவரும் மலைவாசிகள், சரக்கை விற்று முடித்த கையோடு, துணியில் சுற்றிய தங்கள் ரேடியோவை அவர் மேஜைமேல் கொண்டுவந்து வைப்பார்கள். மின்சாரக் கம்பி எட்டாத குக்கிராமங்கள் மலையின்மேல் இன்னும் இருந்த காலம் அது. டார்ச் செல்லில் பாடும் அந்தப் பெட்டி ஒன்றுதான் அவர்களில் பலருக்கு வெளியுலகத்தோடு இருந்த சம்பந்தம். ஆகையால் எத்தனை வேலை குவிந்து கிடந்தாலும் அண்ணன் மலைக்காரர்களின் ரேடியோவைத்தான் முதலில் திறப்பார். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் அவர்கள் இரவைத் திண்ணையில் கழிக்க வேண்டிவரும் என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

என் ஆசைக்கு வித்திட்டது அவ்வருஷத்து ஆடித் திருவிழா. மாரியம்மன் கோயில் திடலில் முதல் இரண்டு இரவுகளும் தெருக்கூத்து. மூன்றாம் இரவு சேலத்திலிருந்து வந்த ஒரு குழுவின் இன்னிசைக் கச்சேரி. மேடைக்கு அருகே, ஒலிபெருக்கிக் கம்பிகளைத் தாண்டி நான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பாட்டின் இடையிசை வந்தபோது அக்குழுவின் கிதார்க்காரர் தம் காலடியில் இருந்த ஒரு பச்சைப் பெட்டியைக் காலால் அழுத்தினார். அதுவரை மணி உதிர்வதுபோலத் தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்த ஸ்வரங்கள் அந்தக் கணத்தில் ஒன்றோடொன்று இழைந்து, தடித்து, நீண்டு, திடலின் கோடியில் இருந்த புளியமரம்வரை போய் நின்றன. அதற்கு முந்திய விடியற்காலையில்தான், இரவெல்லாம் பாடித் தொண்டை கம்மிப்போன கூத்து வாத்தியார், கம்மிய அந்தச் சாரீரத்தைக் கொண்டே துரௌபதியின் துக்கத்தைப் பாடி, தூங்கி விழுந்துகொண்டிருந்த கிழவிகளையெல்லாம் நிமிர்ந்து உட்காரவைத்ததை நான் கண்டிருந்தேன். அதே குரல் இப்போது ஒரு தந்தி வாத்தியத்திலிருந்து வருவதாக எனக்குத் தோன்றிற்று.

சுத்தமான நாதத்தைக் கெடுத்து அதில் இன்பம் காண்பது மேல்நாட்டாரின் விபரீத ருசி என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. அந்த அபிப்பிராயத்தை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. தம்பூராவின் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி, தந்தி குதிரையின்மேல் பட்டும் படாமலும் அதிரும்படி நாம் செய்கிறோம். அந்த நூலை உருவிவிட்டால் தந்தி மிகவும் சுத்தமாகத்தான் ஒலிக்கும், ஆனால் கச்சேரிக்கு வேண்டிய கார்வை அதில் இராது. அந்த நூலுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் ஜீவா. மேல்நாட்டாருக்கு இந்த ஜீவா ஒரு விபத்தின் வழியாகக் கிடைத்தது. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ என்னும் பாட்டைப் பதிவு செய்கையில், ஒலிக்கலவை மேஜையின் ஒரு பகுதி பழுதாகியிருந்ததால் அதன் வழியே சென்ற வாத்தியம் உறுமிக்கொண்டு வந்தது. அந்த உறுமலை அவர்கள் அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அதை வேண்டியபோது உண்டாக்கும் மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் மிதிபெட்டி விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டு அந்தப் பெட்டியின் குரலை உலகமெங்கும் கொண்டுபோயிற்று. பிற்பாடு ஜப்பானியர் அந்த உறுமலின் முரட்டுத்தனத்தைத் தணித்து, சூடேறிய வால்வு ஆம்ப்ளிஃபயரின் குழைவை அதற்கு அளித்தார்கள். நான் கண்ட பச்சைப் பெட்டி அவ்வகையைச் சேர்ந்தது: எழுபதுகளின் இறுதியில் சுசுமு தமுரா என்னும் எஞ்சினீயர் வகுத்த சர்க்யூட்டைக் கொண்ட ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர்.

கச்சேரி முடிந்ததும் நான் அந்தக் கிதார்க்காரரிடம் சென்று, மிகுந்த கூச்சத்தோடு, பெட்டியின் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கலாமா என்று கேட்டேன். மறுநாள் மாலை தியாகதுருகத்தில் அவர்களுக்குக் கச்சேரி. அதுவரை ஊரில்தான் தங்கியிருந்தார்கள். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க தம்பி, மத்தியானத்துக்குள்ள கொண்டாந்துடுங்க. திறந்து பாருங்க, எதையும் பிடுங்கிடாதீங்க" என்றார். முன்பின் அறியாத ஒரு பையனிடம் தம் ஜீவனோபாயத்தைக் கொடுத்தனுப்பிய அந்தப் பெருந்தன்மைக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

விடிந்ததும் அண்ணனின் கடைக்கு ஓடினேன். அவர் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பலகையை வெளியே எடுத்து, நூறு வாட்ஸ் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பலகையின் மறுபக்கத்துச் செப்புப் பாதைகள் வயல் வரப்புகளைப் போல நிழலாகத் தெரிந்தன. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: எந்தக் கால் எதனோடு சேருகிறது, எந்த ரெசிஸ்டரின் உடம்பில் எந்த நிறக் கோடுகள் இருக்கின்றன, எந்தக் கண்டன்சரின் எதிர்முனை எந்தப் பக்கம் என்று இரண்டு முழுத் தாள்கள் நிறைந்தன. சுவிட்சை மின்னணுவிலேயே இயக்கும் பகுதி சிக்கலாக இருந்தபடியால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பதில் சாதாரணக் கால்சுவிட்ச் ஒன்றையே வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தோம். பலகையின் நடுவே எட்டுக் கால்களோடு ஓர் ஐசி இருந்தது. அதன் முதுகில் 4558 என்னும் எண். அதைக் கண்டதும் அண்ணன் தம் இழுப்பறையை இழுத்து, அதே எண்ணைத் தாங்கிய நான்கைந்து ஐசிகளை எடுத்து என் உள்ளங்கையில் போட்டார். "இது நம்ம பேஸ் டிரபிள் போர்டுல போடுறதுதான் தம்பி. ஊருல இருக்கற டேப் செட்டுல பாதிக்கு இதுதான் உசிரு" என்றார். கடல்கடந்து வந்த அந்தப் பெட்டிக்குள் கிடைத்தற்கரிய ஏதோ ஒன்று இருக்கிறதென்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அதன் இருதயம் எங்கள் ஊர்க் கடைவீதியிலேயே ஒரு தகர இழுப்பறையில் கிடந்தது என்பதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு இருந்திருக்க முடியாது.

எஞ்சிய சாமான்களை வாங்கச் சென்னைக்குப் போனேன். கோயம்பேட்டுப் பஸ் நிலையம் இன்னும் ஏற்படாத காலம். இரவெல்லாம் பயணம் செய்து விடியற்காலையில் பாரிமுனையில் இறங்கி, மவுண்ட் ரோட்டை அடுத்த ரிச்சி தெருவில் கடைகள் திறக்கும்வரை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 500 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல், இரண்டு கால் அங்குல ஜாக்குகள், ஆறு கால் சுவிட்ச், பொடிப்பொடிக் கண்டன்சர்கள் எல்லாம் ஒரே கடையில் கிடைத்துவிட்டன. ஜப்பானியப் பலகையில் இருந்த சி 1815 என்னும் டிரான்சிஸ்டர் மட்டும் அந்தக் கடையில் இருப்பில்லை. அதற்குப் பதிலாக இதைப் போடலாம் என்று கடைக்காரர் பிசி 547 ஒன்றைக் கொடுத்தார். அவர் சொன்னது தவறன்று. அந்த இடத்தில் அவ்விரண்டும் ஒரே வேலையைச் செய்ய வல்லவை. ஆனால் அவற்றுக்குள் இருக்கும் ஒரு வித்தியாசத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெடலுக்குள் நடப்பது என்ன என்பதை அண்ணன் எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பதோ ஒரே ஒரு 9 வோல்ட் பாட்டரி. கிதாரிலிருந்து வரும் அலையோ மேலும் கீழும் ஆடுவது. ஊஞ்சலைச் சுவரை ஒட்டிக் கட்டினால் அது ஒரு பக்கந்தான் ஆடும். இருபுறமும் ஆட வேண்டுமானால் கூடத்தின் நடுவில் கட்ட வேண்டும். ஆகையால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டை வரிசையாக நிறுத்தி 9 வோல்ட்டைச் சரிபாதியாக்கி, 4.5 வோல்ட் என்னும் நடுக்கூடத்தில் அலையைத் தொங்கவிடுகிறார்கள். பிறகு 4558 அந்த அலையைப் பெருக்குகிறது. டிரைவ் குமிழியை முழுவதும் குறைத்து வைத்தால் ஏறத்தாழ 12 மடங்கு, முழுவதும் கூட்டினால் 118 மடங்கு. பெருகிய அலை தன் இஷ்டத்துக்கு உயர்ந்துவிடாதபடி எதிரெதிர் முகமாக இரண்டு டயோடுகள் காவல் நிற்கின்றன, அலை 0.6 வோல்ட்டை நெருங்கியதும் அவை வழிவிட்டு, அதன் தலையை மொட்டையாக்கி விடுகின்றன. அப்படி மொட்டையான அலையில்தான் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. நாம் கேட்கும் கரகரப்பு அவைதான். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றும் சேர்ந்து, 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தடித்த ஸ்வரங்களை அவ்வளவாகப் பெருக்காமல் தடுத்துவிடுகின்றன. அதனால்தான் இந்தப் பெட்டி எத்தனை உறுமினாலும் பாட்டு குழம்புவதில்லை. சென்னை வானொலியின் முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்து அண்ணன் அந்த எண்ணை எனக்கு மறக்காதபடி செய்தார்.

மூன்றாம் நாள் மாலை எல்லாவற்றையும் பலகையில் பற்றவைத்து, ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் பொருத்தி, ஒரு முனையில் கிதாரையும் மறுமுனையில் அண்ணனின் வாடகை ஆம்ப்ளிஃபயரையும் மாட்டி, தந்தியை மீட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. சுவிட்சை அழுத்திப் பெடலை ஒதுக்கினால் கிதார் பாடியது. பெடலை வழியில் கொண்டுவந்தால் மௌனம். நான் உடனே ஐசியைப் பிடுங்கி வேறொன்றைச் செருகினேன். டயோடுகளைத் திருப்பிப் போட்டேன். வரைபடத்தை மீண்டும் மீண்டும் பார்த்துச் சந்தேகப்பட்ட கண்டன்சர்களையெல்லாம் மாற்றினேன். இப்படியே நான்கு நாட்கள் போயின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பலகையின் செப்பு சூட்டில் உரிந்து, முன்பு இல்லாத புதிய கோளாறுகளுக்கும் இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் தம் வேலைக்கிடையே கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், ஐந்தாம் நாள் என் கையிலிருந்த சால்டரிங் அயர்னை வாங்கிக் கீழே வைத்தார். "தம்பி, ஏன் செத்துச்சுன்னு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல எங்க செத்துச்சுன்னு பாரு" என்றார். அந்த ஒரு வாக்கியந்தான் அவர் தொழில் முழுவதும் என்று பிற்பாடு எனக்கு விளங்கிற்று. நானோ காரணத்தைத் தேடிக்கொண்டு எங்கெங்கோ அலைந்தேன். அவர் தேடச் சொன்னது இடத்தை. காரணம் ஆயிரம் இருக்கக்கூடும், இடம் ஒன்றுதான் இருக்கும்.

அவர் ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் கூட்டிவைத்து, ஸ்குரூ டிரைவரின் இரும்புத் தண்டில் தம் ஆள்காட்டி விரல் படும்படி பிடித்துக்கொண்டு, பெடலின் கடைசி முனையிலிருந்து ஆரம்பித்தார். நம் உடம்பு சுற்றிலும் ஓடும் மின்சாரக் கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை எந்நேரமும் சிறிதளவு தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகையால் உயிரோடு இருக்கும் இடத்தைத் தொட்டால் ஒலிபெருக்கி ஹம் என்று பதில் சொல்லும். வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலைத் தொட்டார், பதில் வந்தது. ஐசியின் ஏழாம் காலைத் தொட்டார், மெல்லிய பதில். மூன்றாம் காலைத் தொட்டதும் ஒலிபெருக்கி சிங்கம்போலக் கர்ஜித்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை நாளும் நான் பழி சுமத்திப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்த ஐசி எந்தக் குற்றமும் அறியாதது என்பது அக்கணமே ருசுவாயிற்று. அதற்கு முன்னே இருந்த டிரான்சிஸ்டரின் பேஸைத் தொட்டார், நிசப்தம். சத்தம் செத்த இடம் அது.

அதன்பிறகே அவர் மல்டிமீட்டரை எடுத்தார். டிரான்சிஸ்டரின் எமிட்டரில் மூன்று, நான்கு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் முள் எட்டைத் தாண்டி நின்றது. அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி டிரான்சிஸ்டரின் எண்ணைப் படித்தார். "இது பிசி 547. நீ பாத்து எழுதினது சி 1815. ரெண்டுக்கும் காலு வேற தம்பி" என்றார். தட்டையான முகத்தை நம்மை நோக்கி வைத்தால் பிசி 547-இன் கால்கள் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற வரிசையில் இருக்கும். ஜப்பானியச் சி 1815-இன் கால்களோ எமிட்டர், கலெக்டர், பேஸ். நான் ஜப்பானியப் பலகையின் துவாரங்களை அப்படியே பிரதி செய்து, அவற்றில் வேறொரு தேசத்து வரிசையுடைய கால்களைச் செருகியிருந்தேன். அதைக் கழற்றி, கால்களை உரிய இடங்களுக்கு வளைத்துப் பற்றவைத்ததும், மழைச்சாரல் தெறித்துக்கொண்டிருந்த அந்தச் சிறிய கடையில் என் கிதார் முதன்முதலாக உறுமியது. பக்கத்துத் தையற்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. எல்லா இடத்து வோல்ட்டேஜையும் எழுதி வைத்துக்கொள்ளும் ஆசையில், வீட்டுக்கு எடுத்துச் சென்று நான் அளந்தபோது, அந்த டிரான்சிஸ்டரின் பேஸில் ஒன்றே கால் வோல்ட்டுக்கு மேல் முள் ஏறவில்லை. அதற்கு 4.5 வோல்ட்டிலிருந்து உணவு கொண்டுவரும் 510 கிலோ ஓம் ரெசிஸ்டரை மூன்று முறை மாற்றினேன், முள் அசையவில்லை. மறுநாள் அண்ணனிடம் சொன்னபோது அவர், மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை தந்தியை ஓங்கி மீட்டச் சொன்னார். மீட்டர் இருந்தபோது சத்தம் நறுங்கியது, எடுத்ததும் நிமிர்ந்தது. முள் மீட்டரும் மின்சாரத்தைக் குடித்துத்தான் முள்ளை நகர்த்துகிறது; 10 வோல்ட் அளவையில் அது 200 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்த இடத்தில் கட்டிவிட்டதற்குச் சமானம். 510 கிலோ ஓம் வழியே சொட்டுச் சொட்டாக வரும் மின்சாரத்தின் பெரும்பகுதியை மீட்டரே குடித்துவிட்டு, இங்கே தண்ணீர் இல்லை என்று நம்மிடம் சொல்கிறது. அளக்கும் கருவி அளக்கப்படும் பொருளை மாற்றிவிடும் என்பதைக் கல்லூரியில் பௌதிகப் பாடத்தில் நான் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். அது உண்மை என்பதைச் சங்கராபுரத்துக் கடைவீதியில்தான் கண்டேன்.

கார்த்திகை மாதத்து ஓர் இரவில் நேர்ந்ததை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். வெளியே மழை விட்டிருந்தது. கிதாரின் வால்யூமை முழுவதும் இறக்கி, பெடலின் டிரைவை முழுவதும் ஏற்றி, இரைச்சல் எவ்வளவு இருக்கிறதென்று கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோது, இரைச்சலின் அடியிலிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது. கிணற்றின் அடியிலிருந்து பேசுவதுபோல மெல்லியதாக, ஆனால் தமிழ் என்று சந்தேகமறத் தெரியும்படி அது பேசிற்று. ஒயரின் மேல் கையை வைத்தால் குரல் தெளிந்தது, எடுத்தால் மங்கிற்று. அறையில் ரேடியோ இல்லை. நான் எழுந்து பக்கத்து வீட்டுத் திண்ணைவரை போய்க் கேட்டு வந்தேன்; எங்கும் ஒலியில்லை. பிறகு பாட்டு ஒன்று ஆரம்பித்தது. பாட்டு முடிந்ததும் நிலையத்தின் பெயரைச் சொன்னார்கள். 1939-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் திருச்சி வானொலி நிலையம், ஒலியலை தவிர வேறெதையும் கேட்க விதியில்லாத என் சோப்பு டப்பாவுக்குள் 936 கிலோஹெர்ட்ஸில் வந்து பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் இதைக் கேட்டபோது அண்ணனின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நான் வேறெப்போதும் கண்டதில்லை. கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கே வந்து, இருட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அந்தக் குரலைக் கேட்டார். "வால்வும் இல்லாம ஐசியும் இல்லாம, ஒரு கல்லை வெச்சே ரேடியோ கேட்ட காலம் ஒண்ணு இருந்துச்சு தம்பி. கிரிஸ்டல் செட்டுன்னு பேரு. நீ அதையே செஞ்சு வெச்சிருக்கே" என்றார். கலீனா என்னும் ஈயக் கனிமத்துண்டைக் கொண்டு மின்காந்த அலையைக் கண்டறியும் கருவிக்கு நம் ஜகதீச சந்திர போஸ் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1904-ஆம் ஆண்டில். அந்தக் கல் செய்த வேலையை என் பெடலின் முதல் டிரான்சிஸ்டர் செய்துகொண்டிருந்தது: நீண்ட கிதார் ஒயர் ஆன்டெனாவாக நின்று வானொலி அலையைப் பிடிக்க, டிரான்சிஸ்டரின் பேஸும் எமிட்டரும் சேருமிடம் டயோடாக மாறி அந்த அலையிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க, 118 மடங்கு பெருக்கும் ஐசி அதைக் கேட்கும்படி செய்துவிட்டது. பிளாஸ்டிக் டப்பா அலைக்கு எந்தத் தடையும் போடவில்லை.

பரிகாரம் எளிது. எலக்ட்ரீஷியன்கள் சுவரில் சுவிட்ச் பதிக்கும் மெட்டல் பாக்ஸ் ஒன்றை வாங்கி, மேலே ஓர் அலுமினியத் தகட்டை மூடியாகத் திருகி, பெட்டியை எர்த்தோடு ஒரே இடத்தில் சேர்த்தோம். உள்ளே வரும் வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், அதை அடுத்து எர்த்துக்கு 100 பிக்கோஃபாரட் கண்டன்சர் ஒன்றும் வைத்தோம். கிதாரின் ஸ்வரங்களுக்கு அவை இருப்பதே தெரியாது, வானொலி அலைக்கோ அங்கேயே பூமிக்கு வடிகால் வெட்டியாயிற்று. பெட்டியை மூடியதும் திருச்சி நிலையம் மறைந்தது; கூடவே சுவர்க் கம்பிகளிலிருந்து வந்த ஹம்மும் பெரும்பாலும் அடங்கிற்று. எல்லாம் சரியாகிவிட்ட அன்றிரவு, மூடியைக் கழற்றி அந்தக் குரலை இன்னுமொரு முறை கேட்கலாமா என்று எனக்கு ஆவலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டயோடு விஷயத்தில் அண்ணனுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் இருந்தது. நான் போட்டிருந்தவை சிலிக்கான் டயோடுகள். எண் 1என் 4148. அவற்றின் ஒலி என் காதுக்குத் திருப்தியாகவே இருந்தது. அண்ணன் மட்டும், "காரம் சரியாத்தான் இருக்கு, எண்ணெய் பத்தல" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். ஒருநாள், எடைக்குப் போட ஒதுக்கி வைத்திருந்த பழைய ரேடியோவிலிருந்து ஓஏ 79 என்னும் ஜெர்மானியம் டயோடு ஒன்றைக் கத்தரித்தெடுத்து, என் இரண்டு டயோடுகளில் ஒன்றை நீக்கிவிட்டு அதன் ஸ்தானத்தில் வைத்தார். கண்ணாடியின்மேல் கறுப்புச் சாயம் பூசிய அந்தச் சிறு பொருளைப் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை செய்து, நம் நாட்டு ரேடியோக்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜெர்மானியம் 0.3 வோல்ட்டிலேயே மெல்ல வழிவிடத் தொடங்கும். ஆகையால் அலையின் ஒரு பாதி முன்னதாகவும் குழைவாகவும், மறுபாதி பின்னதாகவும் கூர்மையாகவும் மழுங்கின. இரு பாதியும் ஒன்றுபோல் வெட்டுண்டால் ஒற்றைப்படை மேற்சுரங்களே பிறக்கும். வேறுபட்டு வெட்டுண்டால் இரட்டைப்படையும் சேர்ந்துகொள்ளும். சத்தம் சிறிது குறைந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒலியில், ஆடித் திருவிழாவின் விடியற்காலையில் கூத்து வாத்தியாரின் தொண்டையில் நான் கேட்ட கம்மல் இருந்தது. அண்ணன் சொன்னதே சரி; நான் அதற்குப்பின் அந்த டயோடை மாற்றவேயில்லை.

மாட்டுப் பொங்கல் இரவில் பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் ஊர்ப் பையன்களின் கச்சேரி. அதற்கு முதல்நாள் ஒத்திகையில் பெடல் திடீரென்று கறகறவென்று விட்டுவிட்டு ஒலித்தது. பென்சிலின் பின்புறத்தால் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்ததில், உள்ஜாக்கின் காலில் டிரை சால்டர் என்று தெரிந்தது. "ஈயத்தைச் சுடாத தம்பி, காலைச் சுடு, ஈயம் தானா வந்து ஒட்டும்" என்று சொல்லி, அந்த ஒரு இணைப்பை அண்ணனே தம் கையால் பற்றவைத்தார். மறுநாள் மேடையில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் கூட்டத்தின் முன்னால் உட்காராமல், தாம் வாடகைக்குக் கொண்டுவந்திருந்த ஆம்ப்ளிஃபயரின் பக்கத்தில் நின்றபடியே கச்சேரி முழுவதையும் கேட்டார்.

பிறகு எனக்கு வெளியூரில் உத்தியோகம் கிடைத்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த ஸ்டூலில் சிறிது நேரம் உட்காராமல் போனதில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த 2019-ஆம் ஆண்டில், கண்ணில் புரை விழுந்து, நிறக் கோடுகளைப் பிரித்தறிய முடியாத நிலையில் அண்ணன் கடையை மூடினார். மூடுவதற்கு முன்னால் என்னை வரவழைத்து, ஒரு பழைய கோக்கோ டப்பாவை என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். உள்ளே ஓஏ 79 டயோடுகள் 63 இருந்தன; வருஷக்கணக்காகப் பழைய ரேடியோக்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்துச் சேர்த்தவை.

இத்தகைய டப்பாக்கள் திருக்கோவிலூரிலும் சின்னசேலத்திலும் இன்னும் எத்தனையோ சிற்றூர்களிலும் மூடிக்கிடக்கும் ரேடியோ கடைகளின் பரணில் இருக்கும். அவற்றைக் கண்டால் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் தெருவில் கிதாரையோ ரேடியோவையோ பிரித்து வைத்துக்கொண்டு தவிக்கும் பையனோ பெண்ணோ இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்; கொடுக்கும்போது, அந்தக் கடைக்காரர் இப்போது எந்த வீட்டில் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.